சல்லடையைக் காட்டு, பிறகு தரம் சொல்!

போடிநாயக்கனூரில் பொதுக்கூட்டம். மேடை ஏற இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மழைத் தூறலுக்கு ஒதுங்கி, தோழர் ஒருவருடைய ஏலக்காய்க் கிடங்கிலே உட்கார்ந்திருந்தேன். போடிமெட்டுப் பாதையில் இறங்கிவந்த ஜீப்புகள் தெருவை அடைத்து நின்றன. உள்ளே வரிசையாய் அமர்ந்திருந்த பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தனர். வெடித்தது ஒரு பக்கம், பழுத்து நிறம் மாறியது ஒரு பக்கம், பச்சை மாறாத பருங்காய் ஒரு பக்கம். கண் ஒரு கணம் பார்க்கிறது, விரல் உடனே தீர்ப்பளிக்கிறது. மேல்முறையீடு இல்லாத நீதிமன்றம்!

அங்கே ஒரு மூதாட்டியார். நாற்பது ஆண்டுகளாய் இதே வேலை என்றார். நான் கேட்டேன்: "அம்மா, வாங்க வருகிறவன் 'இது 8 மில்லிமீட்டர் காய் அல்ல, 7தான்' என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சல்லடைய எடுத்துப் போட்டுக் காட்டுடான்னு சொல்லுவோம், தம்பி. சலிச்சா தெரிஞ்சுபோகும். வாயில சொன்னா ஆச்சா?"

தோழர்களே, கீழடி பற்றிப் பேச நான் குறித்து வைத்திருந்த குறிப்புகள் அத்தனையையும் அந்த ஒரு சொல் தேவையற்றதாக்கிவிட்டது. டில்லியிலே அமர்ந்து கொண்டு, "உன் காய் தரம் குறைவு" என்று கடிதம் எழுதுகிறார்களே, அவர்களிடம் நாம் கேட்பதும் அதுதான். சல்லடை எங்கே?

நடந்ததைச் சொல்கிறேன். தெரிந்த கதைதானே என்று எண்ண வேண்டாம். நம்மிலே பலருக்குக் கீழடி என்ற பெயர் தெரியும், தேதிகள் தெரியா. வழக்காடுகிறவன் தேதி தெரியாமல் கூண்டு ஏறலாமா?

வைகைக்குத் தாய்வீடு இந்த மலைகள்தான். வருசநாட்டிலே பிறக்கிறது, போடி மலையின் கொட்டகுடி ஆற்று நீரும் கீழே இறங்கி அதிலே சேர்கிறது. அந்த வைகையின் வழியே, மலையடிவாரம் தொட்டு அழகன்குளத்துக் கடற்கரை வரையில், 2013-14இல் ஒன்றியத் தொல்லியல் துறை நடந்தே பார்த்தது. மனிதர் வாழ்ந்த தடயம் உள்ள இடங்கள் என்று கரையோரத்திலே 293 இடங்களைக் குறித்தது. ஒன்றா, இரண்டா? 293! அதிலே ஒன்றுதான் மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்துக் கீழடி. ஒரு தென்னந்தோப்பு. பள்ளிச்சந்தைத் திடல் என்பது ஊரார் வைத்த பெயர். 2015இல் மண்வெட்டி இறங்கியது. நடத்தியவர் கா. அமர்நாத் இராமகிருட்டிணன் என்னும் தொல்லியல் அதிகாரி. நம் கட்சிக்காரர் அல்லர். எந்தக் கட்சிக்காரரும் அல்லர். டில்லி அரசிடமே சம்பளம் வாங்கியவர்.

மண் திறந்தது. செங்கற் சுவர்கள், உறைகிணறுகள், நீர் போகும் வழிகள், நூல் நூற்ற தக்களிகள், விளையாடிய பகடைகள், பானை ஓடுகள். அந்த ஓடுகளின் மேல் கீறிய எழுத்துகள்! அரசன் அரண்மனை எழுப்பியதைச் சொல்லும் கல்வெட்டு அல்ல, தோழர்களே. தன் பானை தன்னுடையது என்று ஒருவன் எழுதிவைத்த பெயர். ஆதன் என்று ஒருவன். குவிரன் ஆதன் என்று ஒருவன். யார் அவன்? குயவனா, நெசவாளியா, வணிகனா? அறியோம். எழுதத் தெரிந்தவன் என்பதை மட்டும் அறிவோம்.

இரண்டு கட்டம் முடிந்தது. 2017 மார்ச்சில் அமர்நாத்துக்கு ஊர் மாற்றம். எங்கே? அசாமுக்கு! வைகைக் கரையிலிருந்து பிரம்மபுத்திரைக் கரைக்கு! வழக்கமான இடமாற்றம் என்றார்கள். இருக்கட்டும். மூன்றாம் கட்டம் வேறோர் அதிகாரி நடத்தினார். முன்னே கண்ட கட்டிடங்களின் தொடர்ச்சி கிடைக்கவில்லை என்று செய்தி வந்தது. டில்லி மண்வெட்டியைக் கீழே போட்டது.

அடுத்து எடுத்தது தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறை, 2018இல். அன்று கோட்டையிலே இருந்தது அ.தி.மு.க. அவர்களுக்கும் நமக்கும் ஆயிரம் வழக்கு உண்டு. ஆனால் அந்த ஆண்டு அந்தத் துறை செய்த வேலையை மறைத்துப் பேசினால், நாம் டில்லியிடம் எந்த முகத்தோடு நேர்மை கேட்பது? நான்காம் கட்டத்தில் ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்திலே எடுத்த ஒன்று, கி.மு. 580 என்று காலம் சொல்லிற்று. 2019 செப்டம்பரில் அறிக்கை அச்சாகி வெளிவந்தது. வேண்டுகிறவர் வாங்கிப் படித்தனர். மறுக்க வேண்டியவர் மறுத்தனர். "ஒரே மாதிரியை வைத்து எழுத்தின் காலத்தையே பின்னோக்கித் தள்ளலாமா?" என்று கேட்ட அறிஞரும் உண்டு. கேட்கட்டும்! அச்சிலே இருப்பதைத்தானே கேட்க முடியும்?

இங்கேதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது.

அமர்நாத் தம் இரண்டு கட்டத்து அறிக்கையை எழுதி முடித்தார். 982 பக்கம். 2023 ஜனவரியில் டில்லியிலே தலைமையிடம் கொடுத்தார். கி.மு. எட்டாம் நூற்றாண்டு தொட்டு கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வரையில் மூன்று காலங்கள் என்பது அவர் முடிவு. 2023 போயிற்று. 2024 பிப்ரவரியில், உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளையிலே, ஒன்பது மாதத்தில் வெளியிடுவோம் என்று தொல்லியல் துறை சார்பில் சொல்லப்பட்டது. ஒன்பது மாதம்! பத்து மாதம் சுமக்கிற தாய்க்கே ஒரு மாதம் மிச்சம் வைக்கிற வாக்குறுதி! நவம்பர் வந்தது, போனது. பிள்ளை பிறக்கவில்லை.

2025 மே 21ஆம் நாள் பிறந்தது ஒரு கடிதம். திருத்தி எழுதிக் கொடு என்றது. இரண்டு வல்லுநர் பார்த்தார்களாம். சில குறைகள் வரைபடம் பற்றியவை: ஊர்ப் படம் தெளிவில்லை, அடுக்குகளின் வரைபடம் இல்லை, குழிகளின் இருப்பிடம் காட்டவில்லை. நான் நேர்மையாகச் சொல்கிறேன், படம் தெளிவில்லை என்றால் தெளிவாக வரைந்து கொடுப்பதில் யாருக்கும் மானக்குறைவு இல்லை. ஆனால் கடிதத்தின் உயிர் அங்கே இல்லை. எட்டாம் நூற்றாண்டு என்பதற்குத் திடமான சான்று வேண்டும். மிகப் பழைய காலமும் மிஞ்சிப்போனால் கி.மு. 300க்குச் சற்று முன்னே இருக்கலாம் என்றது பாருங்கள், அங்கே இருக்கிறது உயிர்.

எதைக் கொண்டு 300 என்றார்கள்? வேறு மாதிரி எடுத்தார்களா? வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்களா? மறு குழி வெட்டினார்களா? அந்தச் சல்லடையை நாட்டுக்குக் காட்டினார்களா? குறை சொல்ல உரிமை உண்டு. ஆனால் "குறை இருக்கிறது" என்பது ஒன்று, "ஆகவே இந்த எண்ணைப் போடு" என்பது வேறொன்று. முன்னது ஆய்வு. பின்னது உத்தரவு.

அமர்நாத் நாள் கடத்தவில்லை. ஓரிரு நாளிலேயே மறுமொழி எழுதினார். மண் அடுக்கு, கிடைத்த பொருள், கரிமக் கணக்கு மூன்றையும் கொண்டு சொன்ன காலம் இது. மாற்ற இயலாது என்றார். ஜூன் 10ஆம் நாள் சென்னைக்கு வந்த ஒன்றியப் பண்பாட்டு அமைச்சர் கஜேந்திர சிங் செகாவத், கீழடி முடிவுகளுக்கு இன்னும் அறிவியல் வலிமை வேண்டும் என்றார். ஒரு வாரம் கழிந்தது. அமர்நாத்துக்கு மீண்டும் இடமாற்றம். டில்லியிலிருந்து கிரேட்டர் நொய்டா. மதுரையிலே மாணவர்கள் திரண்டு கண்டன முழக்கம் எழுப்பினர்.

அறிவியல் வலிமை! அழகான சொல். அமைச்சரிடம் ஒரு பழைய கணக்கை நினைவூட்டுகிறேன். 2020 செப்டம்பரில் மக்களவையிலே அவர்களுடைய அரசே அறிவித்தது: இந்தியப் பண்பாட்டின் தோற்றத்தை 12,000 ஆண்டு பின்னே சென்று ஆராய ஒரு குழு, 16 பேர். அந்தப் பதினாறில் தென்னாட்டார் ஒருவர் உண்டா? பெண் ஒருவர் உண்டா? இல்லை. பன்னிரண்டாயிரம் ஆண்டைத் தேடப் புறப்படும்போது, "குறைத்துக்கொள், முன்னூறுக்கு வா" என்று யாரும் கடிதம் எழுதியதாகக் கேள்வி இல்லை. 2018இல் உத்தரப் பிரதேசத்துச் சினௌலியில் சக்கர வண்டி கிடைத்தபோது, சில நாளிலேயே "தேர்! தேர்!" என்று செய்தி பறந்தது. அது குதிரைத் தேரா மாட்டு வண்டியா என்று அயல்நாட்டு அறிஞர் கேட்ட கேள்வி இன்னும் அடங்கவில்லை. பறக்கட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? அங்கே தேர் ஓட வீதி திறக்கிறது; இங்கே பானை ஓடு நகரச் சுங்கம் கேட்கிறார்கள்.

நான் நாடகக்காரன். கோப்பு அறையில் நடந்திருக்கக் கூடியதை, நடந்ததாக அல்ல, கற்பனையாகவே வைக்கிறேன்.

இடம்: டில்லி. அலமாரி. மேலே தூசி. ஒரு பானை ஓடும் ஒரு கோப்பும் உரையாடுகின்றன.

கோப்பு: உன் வயது என்ன?

ஓடு: இரண்டாயிரத்து அறுநூறுக்குக் குறையாது.

கோப்பு: சான்று?

ஓடு: நான் கிடந்த மண். என்னோடு கிடந்த கரி.

கோப்பு: மண்ணும் கரியும் எந்தத் துறை வழியாக விண்ணப்பித்தன?

ஓடு: ஐயா, என் மேலே பெயர் எழுதியிருக்கிறதே, அதையாவது படியுங்கள்.

கோப்பு: படிக்கத் தெரிந்தவரை நொய்டாவுக்கு அனுப்பிவிட்டோம்!

சிரித்துவிட்டீர்களா? ஆதிச்சநல்லூரை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டினார். எடுத்ததெல்லாம் பெர்லினுக்குக் கப்பலேறிற்று. பின்னர் 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அதற்கு நூறாண்டு கழித்து 2004-05இல் ஒன்றியத் தொல்லியல் துறை தோண்டியது. தாழிகள் வந்தன, எலும்புகள் வந்தன. அறிக்கை மட்டும் பத்தாண்டுக்கு மேலாகியும் வரவில்லை. நீதிமன்றத்துப் படியேறிக் கேட்க வேண்டியதாயிற்று. தோண்டுவது பாதி வேலை. அறிக்கை வராத குழி, கொள்ளை போன குழிக்குச் சமம். மண்ணைக் கலைத்தாகிவிட்டது, திரும்ப அடுக்க முடியாது. அதில் இருந்த வரலாறு இப்போது இருப்பது அந்தக் காகிதத்தில் மட்டும்தான்.

இப்படி நடப்பது நம் நாட்டில் மட்டுமா? சென்னைப் பாரிமுனையை ஒட்டி ஒரு தெரு உண்டு. ஆர்மேனியன் தெரு. நம் மக்கள் நாவிலே அது அரண்மனைக்காரன் தெருவாகிப் போயிற்று. அரண்மனை எதுவும் அங்கே இல்லை. ஆர்மேனிய வணிகர் கட்டிய தேவாலயம் இருக்கிறது. உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழி இதழ் 1794இல் அச்சானது ஆர்மேனியாவில் அல்ல, நம் சென்னையில்! அந்த மக்களின் பழந்தலைநகர் ஆனி. இன்று துருக்கியின் எல்லைக்குள்ளே இடிபாடாய் நிற்கிறது. 1892இல் நிக்கொலாய் மார் என்ற அறிஞர் அங்கே அகழத் தொடங்கினார். பின்னர் எல்லை மாறியது, ஆட்சி மாறியது. அங்கே நட்ட அறிவிப்புப் பலகைகளில், கட்டியவர் ஆர்மேனியர் என்ற ஒரு சொல்லை எழுத நெடுங்காலம் மனம் வரவில்லை ஆண்டவர்களுக்கு. ஜுல்பாவின் கதை இன்னும் கொடிது. நக்கிச்செவான் பகுதியில், அரஸ் ஆற்றின் கரையில், சிலுவை செதுக்கிய நடுகற்கள் ஆயிரக்கணக்கில் நின்ற இடுகாடு. 2005 டிசம்பரில் படைவீரர்கள் சம்மட்டியால் உடைத்துத் தள்ளினர். எதிர்க்கரையான ஈரானிலிருந்து அதைப் படம் பிடித்தவர்கள் உண்டு. அசர்பைசான் அரசு என்ன சொன்னது? அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது!

டில்லி சம்மட்டி எடுத்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். நம் கற்களை உடைக்கவில்லை, காகிதத்தை நிறுத்திவைத்தார்கள். கல்லை உடைத்தால் எதிர்க்கரையிலிருந்து படம் பிடிக்கலாம். அலமாரியைப் படம் பிடிக்க எந்தக் கரையில் நிற்பது?

"கல்லூரியை முடிக்காதவன் தொல்லியல் பேசலாமா?" என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். முடிக்கவில்லை, உண்மை. ஆகையால்தான் முடித்தவர்கள் எழுதிய 982 பக்கத்தைப் படிக்கக் கேட்கிறேன்! மலைக்குகைகளிலே கிடந்த பழைய எழுத்தை எந்த மொழி என்று அறியாமல் திகைத்திருந்த காலத்தில், அது தமிழ் என்று 1924இல் நிறுவியவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். வெள்ளையர் ஆட்சியின் கல்வெட்டுத் துறையிலே பணியாற்றியவர். ஐயர் என்பதற்காக நாம் அவர் சான்றைத் தள்ளினோமா? சான்று பேசியது, ஏற்றோம். அதே முறையைத்தான் டில்லியிடமும் எதிர்பார்க்கிறோம்.

நம் வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் கிளறுகிறேன், கோபிக்க வேண்டாம். நம் மேடைகளிலே சில நாவலர்கள் கீழடிக்கு வயது சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் ஐயாயிரம் என்றார். அடுத்தவர் பத்தாயிரம் என்றார். மூன்றாமவர் மண் தோன்றும் முன்னரே நாம் இருந்ததாய் முழங்கினார். அண்ணே, மண்ணுக்கும் முந்தியவர் நாம் என்றால், மண்ணைத் தோண்டுவானேன்? கைதட்டு கிடைத்தது, வழக்கு பலவீனப்பட்டது. 2017இல் அமெரிக்காவுக்குப் போன முதல் இரு மாதிரிகள் ஏறத்தாழ 2,200 ஆண்டு என்றன. பின்னே கீழ் அடுக்கின் மாதிரி 2,600 என்றது. எட்டாம் நூற்றாண்டு என்ற அமர்நாத்தின் முடிவு முழுமையும் நிலைக்குமா, சற்றே குறையுமா? அறிக்கை வெளிவந்து, அறிஞர் மோதி, அதன் பின்னே தெரியட்டும். குறைந்தால் குறையட்டும். ஏழாம் நூற்றாண்டானால் தமிழ் செத்துவிடுமா? நாம் கேட்பது பெரிய எண் அல்ல, ஒளிக்காத எண்.

எழுதியவர் எழுதியபடியே அச்சேறட்டும். மறுக்கிற இரு வல்லுநரும் தம் பெயரோடு, தம் காரணத்தோடு, அதே நூலின் பின்னே மறுப்பு எழுதட்டும். வெளிச்சத்தில் இரண்டையும் வைத்தால் உலகம் எடை போடும். போடி ஏல மையத்திலே காய்க்குக் கிடைக்கிற மரியாதையாவது கீழடிக்குக் கிடைக்கக் கூடாதா? அங்கே மாதிரியைத் தட்டிலே கொட்டி எல்லா வணிகர் கண் முன்னும் வைத்த பிறகுதானே விலை கேட்கிறார்கள்?

மலையடிவாரத்துத் தோழர்களிடம் தனியே ஒரு சொல். "கீழடி கீழே கிடக்கிறது, ஏலத்துக்கு விலை இல்லை, மழை தவறுகிறது, நமக்கு எதற்கு அது?" என்று கூட்டத்துக்கு முன்னே ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. உங்கள் மாவட்டத்திலேயே, ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டனர். தமிழ் எழுத்துப் பொறித்தவை, கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியவை என்று பலர் கருதுகின்றனர். ஒன்றிலே, கூடலூர் ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட ஒருவனின் பெயர் இருக்கிறது. அந்தக் கூடலூர் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூராகவே இருக்கலாம் என்பர். எண்ணிப் பாருங்கள்: மாட்டுக்காக மடிந்த ஒருவனுக்கு, மலையோரச் சிற்றூரிலே, எழுத்துப் பொறித்துக் கல் நட்டிருக்கிறார்கள். எழுதியவன் இருந்தால் போதுமா? படிக்க ஊர் இருந்திருக்க வேண்டுமே! காட்டோரச் சிற்றூர் வரையில் எழுத்து அன்றே ஏறிவந்திருந்தால், அது ஆற்றங்கரை நகரத்திலே எத்தனை தலைமுறைக்கு முன்னே பிறந்திருக்க வேண்டும்? இது நிறுவல் அல்ல, கேள்விதான். ஆனால் மிஞ்சிப்போனால் 300க்குச் சற்று முன்னே என்று கோடு கிழிப்பவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

293 இடங்கள் என்றேனே, அவற்றிலே சில உங்கள் தோட்டத்து வரப்பை ஒட்டி இருக்கலாம். ஜே.சி.பி. இறங்குமுன் கறுப்பும் சிவப்பும் கலந்த பானை ஓடு தெரிந்தால், எழுத்துள்ள கல் துவைகல்லாய்க் கிடந்தால், வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். எழுதி நாள் குறித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். டில்லி அலமாரியைத் திட்டிவிட்டு, நம் ஊர்க் கல்லின் மேலே துணி துவைத்தால் நியாயமாகாது.

கூட்டம் முடிந்து மறுபடி கிடங்குக்குப் போனேன், என் பையை எடுக்க. கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூதாட்டியார் முறை வந்தது. பெருவிரலில் மை தடவிப் பதிவேட்டிலே ஒற்றினார். ஆதன் பானையில் பெயர் எழுதி இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டு!

என் முகத்தைப் பார்த்துவிட்டார் போலும். விரலைச் சேலையிலே துடைத்தபடி கேட்டார்: "மேடையில ஏதோ புத்தகம்னு சொன்னீங்களே, தம்பி. வந்தா ஒண்ணு கொண்டாங்க. பேத்தி ஒம்பதாவது படிக்கிறா, வாசிச்சுச் சொல்லுவா."

"தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு பக்கம், அம்மா" என்றேன்.

"இருக்கட்டும். மழைக் காலத்துல பொழுது நெறைய கிடக்கு" என்றார்.